நொத்தாரிசு கண்ட உத்தமி

அத்தியாயம் ஆறு

காணிப் பத்திரம் எழுதும் பிரசித்த நொத்தாரிசு தம்பிஐயாவின் பெயர்ப்பலகை அவருடைய கந்தோர் அறையைவிட அகலமானது. பெயருக்கு முன்னால் மூன்று பட்டம், பின்னால் நான்கு. கடைசிப் பட்டமான ‘சமூகச் சுடர்’ பக்கத்துப் பலசரக்குக் கடையின் தகரத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்ததால், ஹட்டன் மழையில் அது ஒன்றுதான் நனையாமல் இருந்தது.

“இன்னும் ஒரு பட்டம் குடுத்தாங்கன்னா இவரு அடுத்த கடையையும் வாங்கணும் டீச்சர்,” என்றான் இக்னேசியஸ், ஓட்டோவை ஓரங்கட்டியபடி.

கேதீஸ்வரி சிரிக்கவில்லை. மூன்று வாரமாக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் வருடக்கணக்காகக் கணக்குப் படிப்பித்தவள் அவள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும் கணக்குகள் சலித்துப்போய், நேரத்தோடே ஓய்வு வாங்கி, ஒரு பேக்கரிக்கு மேலே இரகசிய விசாரணை நிலையம் திறந்தாள். இரகசியம் என்பதால் பலகையைச் சிறிதாகப் போட்டாள். சிறிதாகப் போட்டதால், மீன் வைத்த மாலுபாண் வாங்க வந்து படி மாறி ஏறியவர்களைத் தவிர ஒருவரும் மேலே வரவில்லை. இக்னேசியஸ் அவளுடைய ஓட்டோக்காரன், உதவியாளன், கேட்காமலே அபிப்பிராயம் சொல்கிறவன்.

கையில் இருந்தது ஒரே வழக்கு: சுகிர்தத்தின் வீடு.

அக்கரப்பத்தனைப் பக்கம் கல்லுமலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் சுகிர்தம். வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயக் காம்பராக்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் கட்டிக் கொடுத்தபோது, தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி அவள்தான் என்பதால் ஏழு பேர்ச் காணியும் வீடும் அவள் பேரில் உறுதிப் பத்திரமாயின. கணவன் சின்னராசா தோட்ட வேலையை எப்போதோ விட்டுவிட்டுத் தொழிற்சங்கத்தில் ‘மகளிர் மேம்பாட்டு இணைப்பாளர்’ ஆனவர். விசிட்டிங் கார்ட் வைத்திருப்பவர். ஊர் மகளிரையெல்லாம் மேம்படுத்துகிறவர் சொந்த மனைவியின் வீட்டில் குடியிருப்பதா? தன் பேருக்கு எழுதித் தரச் சொன்னார். மாட்டேன் என்றாள். அவர் முறுக்கிய முறுக்கில் அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் ‘சுகிர்தம்’ என்றொருத்தி தம்பிஐயாவின் முன்னால் வந்து, வீட்டைக் கணவனுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நிஜமான சுகிர்தம் அந்த நேரம், கூடக் கொழுந்து பறிக்கும் வீரம்மாவின் லயக் காம்பராவில் பச்சிலைக் கட்டோடு படுத்துக் கிடந்தாள். அவளைப் பார்த்தது ஒரு லயம் முழுக்க. சங்கத்துக்குப் பயந்து, பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதற்கடுத்த நாள் மகளிர் தினம். சின்னராசா மேடையேறிப் பெண்ணின் கண்ணீர் என்ற தலைப்பில் உருகினார். தலைப்புக்கு வேண்டிய ஆராய்ச்சியை வீட்டிலேயே செய்திருந்தார்.

சுகிர்தம் பொலிஸுக்குப் போனாள். குடும்பப் பிரச்சினை என்றார்கள். சங்கத்துக்குப் போனாள், இணைப்பாளரிடம் சொல்லுங்கள் என்றார்கள். இணைப்பாளர் சின்னராசாதான்.

அவளும் ஒரு பிழை விட்டிருந்தாள். மருந்து கட்டியவர் எப்படி முறிந்தது என்று கேட்டபோது, பக்கத்தில் கணவன் நின்றதால், தண்ணீர் பிடிக்கிற பீலியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டாள். தோட்டத்தில் எல்லாப் பெண்களும் சொல்வது அதுதான். அந்தப் பக்கத்துப் பீலிகளைப்போலப் பொல்லாத பிராணி உலகத்தில் வேறில்லை. சம்பளத்தன்று பொழுது சாய்ந்தால் பெண்களை மட்டும் தேடிப் பிடித்துத் தள்ளிவிடும்.

இன்று புதன். வெள்ளிக்கிழமை சின்னராசா அந்த வீட்டை ஒரு கடைக்காரருக்குக் கைமாற்றப் போகிறார். அதற்குள் அந்தப் பொய்ச் சுகிர்தம் யாரென்று தெரிந்தாக வேண்டும்.

“அப்பிடி ஒரு பெண்ணை என்ரை சேவைக் காலத்திலை நான் கண்டதே இல்லை,” என்றார் தம்பிஐயா, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு. “தலை நிமிரேல்லை. காற்பெருவிரலைப் பாத்தபடி நிண்டவ. கதிரையைக் காட்டினன், கணவன் நிக்கேக்கை நான் இருக்கிறதோ எண்ட மாதிரி ஒதுங்கினா. உத்தமி எண்டா உத்தமி!”

“முகத்தைப் பாத்தனியளோ?” கேதீஸ்வரி கேட்டாள்.

“பிறன்மனை நோக்குவது என் மரபல்ல.”

“அடையாள அட்டை?”

“அதைப் பாத்தன். படம் தெளிவாயிருந்தது.”

“படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டனியளோ எண்டு கேக்கிறன்.”

“இப்பதானே சொன்னன், முகத்தைப் பாக்கிறேல்லை எண்டு.”

“விடுங்க டீச்சர்,” என்றான் இக்னேசியஸ். “படம் படத்து மாதிரியே இருந்துச்சாம். அதுக்கு மேல என்ன வேணும்?”

தம்பிஐயா அவனைக் கவனிக்கவில்லை. அவர் அந்தக் காட்சிக்குள் மறுபடி போய்விட்டிருந்தார். “நெத்தி நிறையக் குங்குமம். எங்கடை பெண்டுகள் இப்ப ஆர் அப்பிடி வைக்கினம்?”

“சுகிர்தம் அல்லேலூயா சபைக்காரிங்க சேர். எங்க கத்தோலிக்கப் பொம்பளைங்களாவது பொட்டு வைப்பாங்க. அவ சபைக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து கம்மல் கூடப் போடுறதில்ல.”

“கணவனுக்காக வைச்சிருப்பா. அதுக்குப் பேர்தான் தியாகம்.” நொத்தாரிசுவின் குரல் தழுதழுத்தது. “கையொப்பம் வைக்க முதல் ஒருக்கா அழுதா. சும்மா அழுகையில்லை. முந்தானையை வாயிலை வைச்சு, விம்மி, ஒரு சுருதியிலை அழுதா. நானே லேஞ்சி எடுத்துக் கண்ணைத் துடைச்சனான்.”

“ஏன் அழுகிறாய் பிள்ளை எண்டு ஒரு வார்த்தை கேட்டனியளோ?”

“ஏன் கேப்பான்? கணவனுக்குக் குடுக்கிற ஆனந்தம்.”

“குரல் எப்பிடி?”

“கரகரப்பு. தடிமன் எண்டவ.”

“எந்தக் கையாலை ஒப்பம் வைச்சவ?”

“வலக்கையாலை. மணிக்கட்டிலை மஞ்சள் துண்டு முடிஞ்ச நூல் ஒண்டு கட்டியிருந்தா. ஏதோ நேர்த்தி. பாத்தியளோ? சபைக்காரி எண்டுறியள், கணவனுக்காகக் காப்புக் கட்டி நேர்த்தி வைச்சிருக்கிறா.”

“ஐயா, அந்த மணிக்கட்டு அதுக்கு முதல் நாள் முறிஞ்சு போச்சு.”

தம்பிஐயா ஒரு கணம்தான் யோசித்தார். “உத்தமிகளுக்கு நோத் தெரியாது,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தார். “தங்கச்சி, என்ரை கண்ணை ஏமாத்த இன்னும் ஒருத்தி பிறக்கேல்லை. அந்தப் பெண் உண்மையான மனைவி. இப்ப உங்களிட்டை வந்து முறைப்பாடு சொல்லுறாவே, அவவைத்தான் நான் சந்தேகப்படுறன்.”

ஓட்டோ ஹட்டன் டவுனைத் தாண்டியது. கேதீஸ்வரி வகுப்பில் விடையைக் கரும்பலகையில் எழுதுகிற தோரணையில் சொன்னாள்: “நாகலெட்சுமி.”

“சின்னராசா தங்கச்சியா?”

“ஓம். பொட்டு வைக்கிற ஆள். தமையனுக்காக எதுவும் செய்வா. அண்ணியைக் கண்ணிலை காட்டேலாது. வேறை ஆர் வரப்போகினம்? சின்னக் கணக்கு இக்னேசியஸ். நான் முதல் நாளே யோசிச்சிருக்க வேணும்.”

கணக்குப் பிழைத்தது. பக்கத்துத் தோட்டத்தில் கதவைத் திறந்த நாகலெட்சுமிக்கு முன்னால் அவளுடைய வயிறு வந்து நின்றது. இன்றைக்கோ நாளைக்கோ என்ற நிலை.

“டீச்சர்,” இக்னேசியஸ் காதுக்குள் சொன்னான், “நொத்தாரிசு முகத்தப் பாக்கல, சரி. இதையுமா பாக்காம வுட்டுருப்பாரு?”

நாகலெட்சுமிக்கு அவர்கள் யாரென்று தெரிந்திருந்தது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். “என்னாத்துக்குங்க இந்த ஆட்டம் ஆடுறா அவ? வீடு எங்கண்ணன் பேர்ல இருந்தா என்னா, அவ பேர்ல இருந்தா என்னா? ஆக்கிப் போட்டுப் பாத்திரம் வெளக்கப் போறது அவதானே?”

“அதானே,” என்றான் இக்னேசியஸ். “அப்ப அவ பேர்லயே இருக்கட்டுமே?”

நாகலெட்சுமி அதைச் சற்று யோசித்தாள். யோசனை போகிற திசை பிடிக்கவில்லை போலிருக்கிறது. கதவைச் சாத்திவிட்டாள்.

வீரம்மாவின் காம்பராவுக்குள் மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாமவர் வாசலில் நிற்க வேண்டும். இக்னேசியஸ் வாசலில் நின்றான். வீரம்மா கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்து, தலையில் போட்டிருந்த சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். சுகிர்தம் இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். வலது கை துணித் தூளியில் தொங்கியது.

“நாகலெட்சுமியில்லை,” என்றாள் கேதீஸ்வரி. தோல்வியைச் சொல்லப் பழகாத வாய்.

“நாந்தான் அன்னைக்கே சொன்னேனுங்களே டீச்சர், அவ முழுகாம இருக்கான்னு.”

“எப்ப சொன்னனீர்?”

“நீங்க சிலேட்டுல கோடு போடுற மாதிரி விரலால போட்டுக்கிட்டே இருந்தீங்க. கேக்கல.”

வாசலில் இக்னேசியஸ் இருமினான்.

“வெள்ளிக்கெழம கடக்காரர் சாவி வாங்க வாறாராம்,” சுகிர்தம் தொடர்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. “நான் பூசுன செவரு டீச்சர். மேஸ்திரி வராத நாளெல்லாம் நானே மணல் சொமந்து பூசுனேன். ஒதைக்கும்போது போய் நிக்கிறதுக்கு ஒரு எடம் வேணும்னுதான் ராவா பகலா பாடுபட்டு அந்த வீட்ட எம் பேருக்கு வாங்குனேன். கடைசில அந்த வீட்டுக்காகவே ஒதை வாங்குறேன். எங்க போய்ச் சொல்றது இத? நொத்தாரிசு என்னா சொன்னாரு?”

“நீர்தான் பொய்ச் சுகிர்தமாம்.”

வீரம்மா சாக்கை மூலையில் எறிந்தாள். “ஏங்க, அந்த ஆளு என்னாத்தத்தான் பாத்தாராம்?”

கேதீஸ்வரி சலிப்போடு ஒப்பித்தாள். குனிந்த தலை. குங்குமம். கரகரத்த குரல். சுருதி சேர்ந்த அழுகை. “கையிலை மஞ்சள் துண்டு கட்டின நூலாம். நேர்த்தியாம்.”

வீரம்மா சிரித்தாள். “மஞ்சத் துண்டு வச்ச காப்பா? மாசி மாசத்துலயா? அத எந்தப் பொம்பள கட்டுவா? ஆம்பளைங்கல்ல கட்டுவாங்க! காமங்கூத்துல வேசம் போடுறவங்க கட்டுற காப்புங்க அது. காமன எரிச்சு முடியிற வரைக்கும் கழட்டக் கூடாது. கழட்டுனா சாமி குத்தம்.”

கேதீஸ்வரியின் கோப்பை பாதி வழியில் நின்றது.

மாசி பிறந்தால் மலைநாட்டுத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிப்பார். ரதி மார்பில் அடித்துக்கொண்டு புலம்புவாள். அந்தப் புலம்பலைக் கேட்கத்தான் கூட்டம். ரதி எப்போதும் ஆண்பிள்ளைதான்.

இரவிரவாகப் பாடினால் தொண்டை கட்டும். முந்தானையை வாயில் வைத்துச் சுருதி பிசகாமல் விம்ம, பயிற்சி வேண்டும். தலை நிமிர்ந்தால் குரல்வளை மேடு தெரியும்.

“வீரம்மா,” என்றாள் அவள் மெதுவாக, “இந்த முறை உங்கடை தோட்டத்திலை ரதிக்கு வேஷம் கட்டினது ஆர்?”

வீரம்மாவின் சிரிப்பு நின்றது. “நம்ம அழகுமுத்துங்க. டவுன்ல சாரிக் கடையில நிக்கிறான்.”

வாசலில் இக்னேசியஸ் தலையில் அடித்துக்கொண்டான். “கூத்த முன் வரிசையில ஒக்காந்து பாத்தவன் டீச்சர் நானு! அவன் அழுத அழுகையில எனக்கே மூக்கு அடச்சிருச்சு.”

சுகிர்தம் மட்டும் ஆச்சரியப்படவில்லை. “தோட்டத்துல ஒரு பொம்பளையும் அவருக்கு ஒத்துக்கல போல,” என்றாள். “அதான் ஆம்பளையப் புடிச்சிருக்காரு.”

அக்கரப்பத்தனைக் கடைத்தெருவில் அழகுமுத்து ஒரு மாம்பழ நிறச் சேலையைத் தன் தோளிலேயே சாத்தி, முந்தானையை முழங்கையில் வழியவிட்டு, இரண்டு பெண்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண்களில் யார் கட்டினாலும் அந்தச் சேலை இவ்வளவு எடுப்பாக இருக்கப்போவதில்லை. அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. வாங்காமலே போனார்கள்.

“பிடிச்சு உலுக்கவா டீச்சர்?” இக்னேசியஸ் கேட்டான்.

“வேண்டாம். கலைஞன். அவமானப்படுத்தினாலே போதும்.” அவள் கடைக்குள் ஏறினாள். “தம்பி, காமன் கூத்திலை ரதிக்குச் செய்தது நீர்தானே?”

அழகுமுத்துவின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா டீச்சர்?”

“இல்லை, கேள்விப்பட்டன். நான் இப்ப நொத்தாரிசு தம்பிஐயாவிட்டை இருந்து வாறன். அவருக்கு இந்தக் கலை விஷயங்களிலை நல்ல பரிச்சயம். அவர் சொன்னார், போன மாசம் தன்னட்டை வந்த ஒரு பொம்பிளை அழுததாம், சுத்த நடிப்பாம். சிரிப்பை அடக்கத் தான் பட்ட பாடு தனக்குத்தான் தெரியுமாம்.”

“அவரா?” அழகுமுத்து சேலையோடு துள்ளினான். “அவரா சிரிச்சாரு? லேஞ்சிய எடுத்துக் கண்ணத் தொடச்சாரே! மூக்கச் சீந்துனாரே! கேளுங்க அவர்ட்ட...”

தோளிலிருந்த சேலை மெல்ல வழுக்கி விழுந்தது.

“கேட்டனான்,” என்றாள் கேதீஸ்வரி. “துடைச்சவர்தான்.”

அழகுமுத்து பேசினான். பார்வை கால் பெருவிரலில் இருந்தது. இந்த முறை நடிப்பில்லை. “சின்னராசா அண்ணன் சொன்னாருங்க, அண்ணிக்குச் சம்மதந்தான், கை வலிக்குதுன்னு வர ஏலல, சும்மா ஒரு கையெழுத்துதான்னு. அடுத்த வருசம் நுவரெலியாவுல பெரிய மேடையில நம்ம கூத்தப் போட வைக்கிறேன்னாரு.”

“கை ஏன் வலிச்சது எண்டு கேட்டனீரோ?”

“இல்லீங்க.”

“அவர்தான் முறிச்சவர். எழுதித் தர மாட்டன் எண்டதுக்கு.”

அழகுமுத்து குனிந்து சேலையை எடுத்தான். மடித்தான். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி மடித்தான். “எங்க வரணும் டீச்சர்?” என்றான்.

வியாழன் காலை. பொலிஸில் சார்ஜன்ட் தம்பிஐயாவின் முறைப்பாட்டை எழுதிக்கொண்டிருந்தார். நாலாவது பக்கம். நொத்தாரிசு விஷயத்தைக் கேள்விப்பட்டதும் வாடகைக் கார் பிடித்து வந்திருந்தார். தன் வாழ்நாளில் கண்ட ஒரே உத்தமி ஒரு சாரிக் கடைப் பையன் என்ற செய்தி அவரை வெகுவாகத் தாக்கியிருந்தது. “என் கௌரவம் முறிக்கப்பட்டது என்று எழுதுங்கோ,” என்றார். சார்ஜன்ட் எழுதினார்.

மூலையில் அழகுமுத்து. அவனுக்கு எதிரே வெள்ளைச் சேட்டில் சின்னராசா. உள்ளே வந்ததும் எல்லோருக்கும் விசிட்டிங் கார்ட் கொடுத்தார். அழகுமுத்துவைக் கண்டதும் மிச்சக் கார்டுகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

சுகிர்தம் மேசைக்கு முன்னால் வந்தாள். “சேர், என் கை முறிஞ்சதையும் அதுல எழுதுங்க.”

சார்ஜன்டுக்குத் தமிழ் வரும், சிங்களத்தில் நனைந்து வரும். “ஏய் நங்கி, தங்கச்சி, அது பவுல் பிரஷ்னே. குடும்பப் பிரச்சினை. இது ஹொர உறுதி, கள்ள உறுதி. ரெண்டையும் கலக்க ஏலாது. மத்தது, நீங்கதானே மருந்து கட்டும்போது பீலில விழுந்தது எண்டு சொன்னது?”

“அவரு பக்கத்துல நின்னாரு சேர்.”

“அது எப்பிடி நான் எழுதுறது?”

கேதீஸ்வரி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். மூன்று வாரம். இரண்டு தோட்டம். ஒரு ரதி. கௌரவம் முறிந்தால் நாலு பக்கம். கை முறிந்தால் ஒரு வரியில்லை.

அப்போது இக்னேசியஸ் வெகு பணிவாகக் கேட்டான்: “நொத்தாரிசு சேர், கேஸ் கோட்டுக்குப் போனா ஒங்களக் கூண்டுல ஏத்திக் கேப்பாங்கள்ல, முகத்தப் பாத்தீங்களான்னு?”

ஏழு பட்டங்களும் ஒவ்வொன்றாகத் தம்பிஐயாவின் கண் முன்னால் கழன்று விழுந்தன.

“சார்ஜன்ட்,” என்றார் மெல்லிய குரலில், “ஒரு பிரச்சினையைப் பெருப்பிச்சு ஆருக்கு என்ன லாபம்? சின்னராசா வீட்டைத் திரும்ப மனைவியின்ரை பேருக்கு எழுதட்டும். நானே இப்ப இதிலையே எழுதித் தாறன். முறைப்பாட்டை வாபஸ் வாங்கிறன்.”

“ஹரி, சரி! நல்ல யோசனை!” சார்ஜன்ட் மலர்ந்தார். சின்னராசா அவரைவிட மலர்ந்தார். கள்ள உறுதிக்குச் சிறை என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

“விடாதையும்!” கேதீஸ்வரி சுகிர்தத்தின் தோளைப் பிடித்தாள். “வழக்குப் போடவேணும். இவையள் எல்லாரும் தப்பிப் போகப் போகினம்!”

“வழக்கு முடியிற வரைக்கும் நான் வீரம்மாக்கா காம்பராவுலயே கெடக்கவா டீச்சர்? எனக்கு வீடு வேணும்,” என்றாள் சுகிர்தம்.

கேதீஸ்வரி கையை எடுத்துக்கொண்டாள். தன் வாழ்நாளின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு, நன்கொடை உறுதியாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

தம்பிஐயா தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார். பிறகு, சூடு கண்ட பூனையாக, முதல் தடவையாக ஒரு பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த முகம் அவரைத் திருப்பிப் பார்த்தது. குனியவில்லை. அழவில்லை. குங்குமமும் இல்லை.

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“இவதான் சுகிர்தம் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?” என்றார். “இனி நான் ஒருவரையும் நம்ப மாட்டன். அண்டைக்கு வந்தவவோடை பாக்கேக்கை, இவ ஒரு மனைவி மாதிரியே இல்லையே.”

“அடையாள அட்டை அவருகிட்டதான் இருக்கு,” என்றாள் சுகிர்தம். சின்னராசா அவசரமாக எடுத்து நீட்டினார்.

“இந்த அட்டைதான் அண்டைக்கும் வந்தது!” நொத்தாரிசு அதைத் தொடவே இல்லை.

கேதீஸ்வரியின் மூளைக்குள் ஏதோ ஒன்று வகுபட்டு மீதியில்லாமல் நின்றது. அவள் தலையை ஆட்டினாள். “ஐயா சொல்லுறதும் நியாயம்தான். எனக்கும் இவவை மூண்டு வாரமாத்தான் தெரியும். கையிலை கட்டுப் போட்ட ஆரும் வந்து நான்தான் சுகிர்தம் எண்டு சொல்லலாம். இக்னேசியஸ், உமக்கு நிச்சயமோ?”

இக்னேசியஸ் அவளை ஒரு கணம் பார்த்தான். பிடித்துக்கொண்டான். “சத்தியம் பண்ண ஏலாதுங்க. காலம் கெட்டுக் கெடக்கு. இவங்களும் கூத்துக்காரங்களோ என்னமோ.”

“அப்ப நான் எழுத மாட்டன்,” தம்பிஐயா பேனாவை மூடப் போனார்.

“எழுதாட்டி முறைப்பாடு நிக்கிது,” என்றார் சார்ஜன்ட். “அப்ப இந்த ஆள உள்ள போட வேணும்.” சாவிக்கொத்தை எடுத்தார்.

“சேர்! சேர்!” சின்னராசா எழுந்தே விட்டார். மேடைத் தமிழெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. “இவதான் சேர் என் பொண்டாட்டி! ஊரெல்லாம் கேக்கத் தேவல்ல. இந்தக் கைய முறுக்கி ஒடச்சதே நாந்தான், எனக்குத் தெரியாதா?”

சார்ஜன்ட் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

சின்னராசா தான் சொன்னதைத் தானே கேட்டார். உட்கார நினைத்தார், நாற்காலி எங்கே என்று தெரியவில்லை.

“எழுதுங்கோ சார்ஜன்ட்,” என்றாள் கேதீஸ்வரி. “பீலி இல்லை. அவரே சொல்லிப்போட்டார், உங்களுக்கு முன்னாலை, நொத்தாரிசுக்கும் முன்னாலை.”

சார்ஜன்ட் சின்னராசாவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கையிலிருந்த பேனாவால் தாளின் ஓரத்தில் ஒரு தரம் கீறினார். மறு தரம் கீறினார்.

“அய்யோ, மை முடிஞ்சி,” என்றார். “நாலு பக்கம் எழுதினதுதானே. நாளைக்கு வாங்க நங்கி, பாப்பம்.”

சுகிர்தம் திரும்பினாள். தம்பிஐயாவின் விரல்களுக்கு நடுவில் மூடாமல் நின்ற பேனாவை இடது கையால் உருவினாள். அவர் கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அவள் அதைக் கொண்டுபோய் சார்ஜன்டின் விரல்களுக்குள் வைத்தாள்.

“இதுல மை இருக்கு சேர்,” என்றாள். “மொதல்ல கைய எழுதுங்க. வீட்ட அப்பறம் எழுதலாம்.”